வரும் ஞாயிற்றுக்கிழமை

அம்மா இறந்த ஐந்தாவது வாரம், ஒரு ஞாயிறு காலை ஏழே கால் மணிக்குக் கைபேசி அடித்தது. பேசியவர் ராசிபுரத்துக்குப் பக்கத்தில் உள்ள ஒரு சமுதாயக் கூடத்தின் காவலாளி.

"அம்முணி, பஸ்ஸு எத்தன மணிக்குங்க வருது?"

"எந்த பஸ்ஸுங்க?"

"கண்ணாஸ்பத்திரி பஸ்ஸுதானுங்க. ஆளுங்க வந்து உக்காந்தாச்சு. முப்பது பேருக்கு மேல இருக்கும், இன்னும் வந்துட்டே இருக்காங்க. சேரு பத்தல."

அன்று முகாம் இல்லை. அம்மா போன பிறகு நான்தான் மருத்துவமனைக்குப் பேசி நிறுத்தியிருந்தேன். "வாரேங்க, இருக்கச் சொல்லுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்பில் இருந்த பாலை இறக்கினேன். டார்ச், எழுத்துப் பலகை, ஒரு கண்ணை மறைக்கும் அட்டை, பதிவு நோட்டு, இரண்டு பேனா. எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

சூரமங்கலத்திலிருந்து அந்தக் கூடத்துக்கு ஸ்கூட்டரில் முக்கால் மணி நேரம். என்ன நடந்திருக்கும் என்று வரிசையாக யோசித்துக்கொண்டே போனேன். சீலநாயக்கன்பட்டி தாண்டுவதற்குள் தெரிந்துவிட்டது. தவறு என்னுடையது.

அதைச் சொல்ல அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அம்மா மேடை நாடக நடிகை, பாடகி. சேலம், நாமக்கல் பக்கத்துத் திருவிழாக்களில் இருபது வருடத்துக்கு மேல் நடித்தாள். ராணி, மாமியார், கைம்பெண், குறி சொல்கிறவள், ஒரு முறை ஆள் வராததால் போலீஸ்காரர். நாடகம் இல்லாத மாதங்களில் இசைக்குழுவில் பாடினாள். மூன்று சினிமாவில் நடித்திருக்கிறாள். ஒன்றில் கதவைத் திறந்து "ஐயா ஊர்ல இல்லீங்க" என்பாள். இன்னொன்றில் கூட்டத்தில் நிற்பாள். மூன்றாவது வெளிவரவில்லை. அப்பா ரயில்வேயில் இருந்தார். நான் ஒன்பதாவது படிக்கும்போது இறந்தார். அதற்குப் பிறகு அம்மா நாடகங்களைக் குறைத்துக்கொண்டு, தர்ம காரியம் என்று யார் கூப்பிட்டாலும் பாடப் போனாள். ரத்ததான முகாம், முதியோர் இல்லம், காது கேளாத பிள்ளைகளின் பள்ளி.

அந்தப் பள்ளிக்கு நானும் ஒரு முறை போனேன். பிள்ளைகள் ஸ்பீக்கர் பெட்டியைச் சுற்றி நின்று அதன் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார்கள். அம்மா ஒரு மணி நேரம் பாடினாள். திரும்பும்போது பேருந்தில், "காது கேக்காதவங்களுக்கு எதுக்கும்மா பாட்டு?" என்று கேட்டேன்.

"கேக்கறவங்களுக்கு மட்டுந்தான் பாடோணும்னு எவன் எழுதி வெச்சான்?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "கீழ் சுதியில பாடுனப்ப சிரிச்சாங்க, கவனிச்சியா? மேல போனா கைய எடுத்துடறாங்க" என்றாள். நான் கவனித்திருக்கவில்லை.

எல்லாவற்றையும்விட அவள் அதிகம் போனது கண் முகாமுக்கு. ஒவ்வொரு மாதமும் இரண்டாவது ஞாயிறு ஒரு கண் மருத்துவமனையிலிருந்து மருத்துவர்களும் பேருந்தும் வருவார்கள். புரை முற்றியவர்களை அன்றே ஏற்றிக்கொண்டு போய், மறுநாள் அறுவை செய்து, அதற்கு அடுத்த நாள் கொண்டுவந்து விடுவார்கள். ஆட்கள் வருவார்கள், ஆனால் பேருந்தில் ஏறப் பயப்படுவார்கள். அங்கேதான் அம்மாவின் வேலை. ஆபரேஷனுக்குப் பயந்து கூடம் முழுக்க ஓடும் ஒரு கிழவியாக நடித்துக் காட்டுவாள். துரத்துகிற மருத்துவரும் அவள்தான். எல்லோரும் சிரித்து ஓய்ந்ததும் பாட ஆரம்பிப்பாள். பாடிக்கொண்டே அவர்களைப் பேருந்துக்கு நடத்திக்கொண்டு போய், தானும் ஏறிக்கொள்வாள். நான் நான்கு வருடம் கண் பரிசோதனைப் படிப்பு படித்து, அஸ்தம்பட்டியில் ஒரு கிளினிக்கில் வேலை செய்கிறேன். முகாம் நாளில் கூடத்தின் ஓரத்தில் பலகையை மாட்டிப் பார்வை அளந்து நோட்டில் எழுதுவேன். அம்மாவும் நானும் சேர்ந்து செய்த ஒரே வேலை அது.

மூன்று வருடம் முன்பு வரை அம்மா முகாமுக்கு முந்தைய மூன்று நாட்கள் மைக்செட் ஆட்டோவில் உட்கார்ந்து ஊர் ஊராக நேரடியாகவே அறிவிப்பாள். தொண்டை கட்டிக்கொள்ளும். நான் ஒரு யோசனை சொன்னேன். ஒரு முறை பதிவு செய்துவிடலாம். தேதி சொன்னால் மாதா மாதம் புதிதாகப் பதிய வேண்டிவரும். தேதியே சொல்லாமல் 'வரும் ஞாயிற்றுக்கிழமை' என்று பேசிவிட்டால் ஒரே பதிவு எல்லா மாதத்துக்கும் ஆகும்.

"எந்த ஞாயித்துக்கெழமன்னு ஜனங்க கேக்க மாட்டாங்களா?" என்றாள் அம்மா.

"ஆட்டோ வர்ற வாரத்து ஞாயித்துக்கிழமைம்மா. இதுல என்ன குழப்பம்?"

வாசகத்தை நான்தான் எழுதினேன். தெரிந்தவர் ஒருவரின் காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு, மேலே போர்வை போர்த்தி, என் கைபேசியில் பதிந்தோம். ஒரே தடவையில் பேசி முடித்தாள்.

ஐந்து வாரம் முன்பு, ஒரு மதிய நேரம், இசைக்குழுவுக்கு உடுத்தும் சேலைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது அம்மாவுக்கு நெஞ்சு அடைத்தது. நான் கிளினிக்கில் இருந்தேன். எனக்கு அழுகை வரவில்லை. பார்க்க வந்தவர்கள் "அழுதுரு சாமி, உள்ள வெச்சுக்காத" என்றார்கள். உள்ளே எதுவும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. செய்ய வேண்டியவற்றை ஒரு நோட்டில் எழுதி, ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு வந்தேன். ரேஷன் கார்டு, காஸ் இணைப்பு, சிம் கார்டு, இசைக்குழு, கண் மருத்துவமனை முகாம் பிரிவு. பதினேழாவது வரியில் 'மைக்செட் ஆட்டோ அண்ணன்' என்று எழுதி, எதிரில் 'தெரியும்' என்று குறித்து அதையும் அடித்துவிட்டேன். அவர் அம்மாவின் பாடைக்குத் தோள் கொடுத்தவர். அம்மா இறந்தது அவருக்குத் தெரியும். முகாம் நின்றது தெரியாது. இரண்டையும் நான் ஒன்றாக எண்ணியிருந்தேன்.

கூடத்துக்கு இரண்டு தெரு முன்னாலேயே அம்மாவின் குரல் கேட்டது.

"அன்பார்ந்த பெரியோர்களே, தாய்மார்களே! வரும் ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு நமது சமுதாயக் கூடத்தில் இலவசக் கண் சிகிச்சை முகாம். தலைக்குக் குளித்து, துவைத்த துணி உடுத்தி, மாற்றுத் துணியோடு வாருங்கள். ஆதார் நகல் மறக்காதீர்கள். பயப்பட வேண்டாம். நான் கூடவே இருப்பேன்."

கடைசி வரி நான் எழுதியதில்லை, அவளாகச் சேர்த்தது. நான் வண்டியை நிறுத்தவில்லை. குரல் ஒலிபெருக்கியில் கொஞ்சம் உடைகிறது, கூர்மையைக் குறைக்க வேண்டும் என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது. வேறு எதுவும் நினைக்கவில்லை.

ஆட்டோ கூடத்தின் வாசலில் நின்றிருந்தது. என்னைப் பார்த்ததும் அண்ணன் குரலை நிறுத்தினார்.

"ஏங்கண்ணு லேட்டு? ஆஸ்பத்திரிக்காரங்களையும் காணோம்."

"அண்ணா, இன்னைக்கு முகாம் இல்லீங்களே. நான் நிறுத்திட்டேன்."

"நிறுத்திட்டீங்களா? எங்கிட்டச் சொல்லலையே சாமி!"

"நீங்க எரிக்கறப்ப இருந்தீங்களே."

"இருந்தேன். அம்மா போயிட்டாங்கன்னு தெரியும். முகாமும் போயிருச்சுன்னு யாரு சொன்னா?" அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். "வெசாழக்கெழமையில இருந்து மூணு நாளு சுத்தியிருக்கறேன். அம்மா நெனப்புல, எப்பவும் போகாத ஊருக்கெல்லாம் போனேன். கோழிப் பண்ணைக்குள்ள எல்லாம் உட்டு ஓட்டுனேன்."

உள்ளே முப்பத்தொன்பது பேர் இருந்தார்கள். வழக்கத்தைவிட அதிகம். அறுவைக்குப் பிறகு பல நாள் தலையில் தண்ணீர் படக் கூடாது என்பதால் எல்லோரும் தலைக்குக் குளித்துவிட்டு வந்திருந்தார்கள். ஈர முடி, வெளுத்த வேட்டி, மடியில் மாற்றுத் துணி வைத்த மஞ்சள் பை. அம்மா இறந்தது அவர்களில் யாருக்கும் தெரியவில்லை. நேற்றுத்தானே அவள் அவர்கள் தெருவில் பேசினாள்.

முன் வரிசையில் இருந்த ஒருவரை எனக்குத் தெரியும். ஐம்பது வயதைத் தாண்டிய அக்கா. விசைத்தறிப் பட்டறையில் தார் சுற்றுகிறவர். தறியில் இங்குமங்கும் ஓடும் நாடாவுக்குள் போகும் நூலைச் சின்னக் குழல்களில் சுற்றித் தருகிற வேலை. வலது கண்ணில் புரை முற்றிவிட்டது, இடது கண்ணிலும் பாதிக்கு மேல் மூடியிருந்தது. என் நோட்டில் அவர் பெயர் இரண்டு முறை இருந்தது, இரண்டு முறையும் எதிரில் 'சேரவில்லை' என்று. முதல் முறை பேருந்து சிக்னலில் நின்றபோது இறங்கிப் போய்விட்டார். இரண்டாம் முறை மருத்துவமனை வாசலில், ஒரு காபி குடித்துவிட்டு வருகிறேன் என்று போனவர்.

"சாமி, இந்தத் தடவ போயே ஆவோணும்" என்றார் என்னைப் பார்த்ததும். "நீலத்துக்குப் பதிலாக் கறுப்பச் சுத்திக் குடுத்துப்போட்டேன். பதினாலு சேல. கல்யாணத்துக்குச் சொல்லி நெய்யற சேல சாமி, கரை பூராக் கறுப்பு! மொதலாளி கொதிச்சுப்போயிட்டாரு. கண்ணச் சரி பண்ணீட்டு வா, இல்லாட்டி வராதன்னுட்டாரு."

புரை மஞ்சள் கண்ணாடி மாதிரி. அதன் வழியாகப் பார்த்தால் கருநீலம் கறுப்பாகத்தான் தெரியும். அதை நான் விளக்கப் போவதற்குள் அவர் வாசலைப் பார்த்தார்.

"அம்மா எங்க? எங் கையப் புடிச்சுக்கறேன்னு போன மாசத்துக்கு முந்தி போன்ல சத்தியம் பண்ணியிருக்குது. அது வந்தாத்தான் பஸ்ஸு ஏறுவேன்."

"இருங்கக்கா, வாரேன்" என்று வெளியே வந்து மருத்துவமனைக்குப் பேசினேன். முகாம் பிரிவில் இருந்தவர் பொறுமையாகக் கேட்டார். அவர்கள் குழுவும் பேருந்தும் ஆத்தூர்ப் பக்கம் போய்விட்டன. பன்னிரண்டு படுக்கை மட்டும் காலியாக இருக்கிறது. பகல் பன்னிரண்டு மணிக்குள் நாங்களே கொண்டுவந்து சேர்த்தால் எடுத்துக்கொள்வார்கள். யார் அந்தப் பன்னிரண்டு பேர் என்பதை நான் பார்த்து அனுப்ப வேண்டும்.

வண்டி கிடைப்பது கஷ்டமாக இல்லை. அண்ணன் இரண்டு போன் போட்டார்; கோழிப் பண்ணைக்கு வேலையாட்களை ஏற்றிப் போகும் வேன் ஒன்று பத்தரைக்கு வரும் என்று ஆயிற்று. கஷ்டம் வேறு இடத்தில் இருந்தது.

"அம்மா போயிட்டாங்கன்னு இப்பச் சொல்லீராதீங்க கண்ணு" என்றார் அவர். "எல்லாம் எந்திரிச்சுப் போயிருவாங்க. அதுலயும் அந்தத் தார்க்காரம்மா நிக்கவே நிக்காது. அம்மா ஆஸ்பத்திரியில இருக்காங்கன்னு சொல்லிரலாம். அவங்க இல்லாத ஆஸ்பத்திரியா?"

என் கைபேசியில் அம்மாவின் குரல் பதினொரு மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது. ஒத்திகை, பாட்டு, சண்டை, கடையில் என்ன வாங்க வேண்டும் என்று அனுப்பியவை. 'நான் ஆஸ்பத்திரியில இருக்கேன், நீ வா' என்பதை வெட்டி ஒட்டப் பத்து நிமிடம் போதும். செய்யலாம் என்று நினைத்தேன். பிறகு மேலே யோசித்தேன். மருத்துவமனை வாசலில் இறங்கியதும் அக்கா மறுபடி கேட்பார், அம்மா எங்கே என்று. அங்கே காட்ட ஆள் இல்லை. அவர் போய்விடுவார். அதற்குப் பிறகு என்னையோ வேறு யாரையோ நம்பி இன்னொரு முறை வர மாட்டார், வேலையும் போயிருக்கும். பொய்யில் இந்தக் குறை இருந்ததால்தான் அதை விட்டேன்.

ஆட்டோவின் மைக்கை வாங்கி உள்ளே போனேன்.

"எல்லாருக்கும் வணக்கம். இன்னைக்கு முகாம் இல்லை. நீங்க கேட்டது பழைய அறிவிப்பு. அதுல பேசுனவங்க என் அம்மா. அவங்க ஐந்து வாரம் முன்னாடி இறந்துட்டாங்க. அறிவிப்பை நிறுத்தாதது என் தப்பு. பன்னிரண்டு பேரை இன்னைக்கு ஆஸ்பத்திரிக்கு அனுப்ப முடியும். மத்தவங்களுக்குப் பார்வை பார்த்து, எங்க எப்பப் போகணும்னு எழுதித் தரேன்."

ரயில் நிலையத்தில் வண்டி தாமதம் என்று சொல்வது போல இருந்தது என் குரல். எனக்கே கேட்டது.

பின் வரிசையில் ஒரு பெண் எழுந்தார்.

"செத்தவளா கூப்புட்டா? நேத்து எங்க ஊட்டு வாசல்ல நின்னு கூப்புட்டுதே!" அவர் தன் ஈரத் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "அய்யோ, தலைக்கு வேற ஊத்திட்டு வந்திருக்கறோம். சாவுக்குத்தான் தலைக்கு ஊத்துவாங்க!"

அவரோடு வந்த மூன்று பேர் எழுந்தார்கள். அவர்களைப் பார்த்து இன்னும் மூன்று பேர். மற்றவர்களும் பைகளைக் கையில் எடுத்தார்கள். அப்போது சுவர் ஓரம் இருந்த ஒருவர் சத்தமாகச் சிரித்தார். திருச்செங்கோட்டு போர்வெல் வண்டியில் பல வருடம் வடக்கே எல்லாம் சுற்றியவர் என்று பிறகு தெரிந்தது.

"ஏனாத்தா, பேயி ஒருக்காத்தான் கூப்புடும்னு உங்கூருல சொல்லித் தரலியா? இது மூணு நாளாக் கூப்புட்டுது, அதுவும் மைக்செட்டு வெச்சு. ஆதார் நகலு கொண்டாங்கற பேயி எங்கியாச்சும் உண்டா?"

கூடம் சிரித்தது. எழுந்த ஏழு பேரும் போய்விட்டார்கள். மற்றவர்கள் பைகளை மறுபடி மடியில் வைத்தார்கள். எண்ணிப் பார்த்தேன், முப்பத்தொன்று. ஒருவர் குறைந்தார். தார் சுற்றும் அக்காவின் நாற்காலி காலியாக இருந்தது.

வெளியே, சாலையின் எதிர்ப்புறம் பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்தார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"எங்கக்கா போறீங்க?"

"ஊட்டுக்கு."

"வேலை?"

"போகுது. கண்ணு அவிஞ்சா வேலையும் அவிஞ்சுது." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "எப்படிச் செத்துச்சு?"

"நெஞ்சு வலி."

"இழுத்துக்கிட்டுக் கெடந்துதா?"

"இல்லீங்க. பத்து நிமிஷம்னு டாக்டர் சொன்னாங்க."

"ம்." ஒரு லாரி போகும் வரை காத்திருந்தார். "நீ பாடுவியா?"

"எனக்குப் பாட வராதுங்க."

"உள்ள வந்து கையப் புடிச்சுக்குவியா?"

"ஆபரேஷன் அறைக்குள்ள யாரையும் விட மாட்டாங்கக்கா. அம்மாவையும் விட்டிருக்க மாட்டாங்க."

"கூடவே இருப்பேன்னுச்சே?"

"வாசல் வரைக்கும்தான்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் கண்ணில் நான் எவ்வளவு தெரிந்திருப்பேன் என்று எனக்குத் தெரியும். என் நோட்டில் அது எண்ணாக இருக்கிறது. உருவம், நிறம் கொஞ்சம், முகம் இல்லை.

"பின்ன உள்ள என்னதான் பண்ணுவாங்க? அதையாவது சொல்லு."

சொன்னேன். அது எனக்குத் தெரியும். முதலில் கண்ணில் சொட்டு மருந்து, கண்மணி விரிய; அரை மணி நேரம், அப்போது எல்லாம் இன்னும் மங்கலாகத் தெரியும். இரண்டாவது, மரத்துப்போக ஊசி. மூன்றாவது, கண்ணைச் சுற்றித் துடைப்பார்கள், மருந்து மஞ்சளாக வழியும். நான்காவது, முகத்தின் மேல் பச்சைத் துணி, கண்ணுக்கு மட்டும் ஓட்டை. மூச்சு முட்டுகிற மாதிரி இருக்கும், முட்டாது. ஐந்தாவது, ஒரு வெளிச்சம். ஆறாவது, ஓரத்தில் சின்னதாக வெட்டிப் புரையை எடுத்து, அந்த இடத்தில் புது லென்சு. தண்ணீர் ஓடுகிற மாதிரி இருக்கும். மொத்தம் கால் மணி நேரம். கட்டு. மறுநாள் பிரிப்பார்கள்.

அவர் விரலை மடக்கிக்கொண்டே கேட்டார். இரண்டாவது விரலுக்குத் திரும்பி வந்தார்.

"ஊசி எங்க போடுவாங்க?"

"கண்ணுக்குக் கீழ, எலும்பு ஓரமா."

"வலிக்குமா?"

"வலிக்கும். பத்து எண்ணறதுக்குள்ள மரத்துரும்."

"உங்கம்மா வலிக்கவே வலிக்காதுன்னுச்சு."

"அம்மா ஆபரேஷன் பண்ணிக்கிட்டதில்லீங்க."

அவர் உதட்டைப் பிதுக்கினார். பிறகு சிரித்தார், கொஞ்சமாக. "சொன்னா உனக்குச் சங்கட்டமா இருக்கும். அந்தம்மா பாட ஆரம்பிச்சதுந்தான் எனக்குக் கை காலெல்லாம் ஒதற ஆரம்பிக்கும். ஒண்ணுமில்லாததுக்கு எதுக்குப் பாடறாங்க? பெருசா என்னமோ பண்ணப் போறாங்க, அதத்தான் பாடி மறைக்கறாங்கன்னு நெனச்சுக்குவேன். அதான் ரெண்டு தடவயும் ஓடுனது."

எனக்குச் சங்கடமாக இல்லை. என் நோட்டின்படி பார்த்தால், பாட்டைக் கேட்டுப் பேருந்தில் ஏறியவர்கள் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள். பாட்டுக்குப் பயந்து ஓடியவர் இவர் ஒருவராக இருக்கலாம். அம்மாவிடம் இதைச் சொல்லியிருந்தால் கோபித்துக்கொண்டிருக்க மாட்டாள். எந்தப் பாட்டு, எந்த இடத்தில் என்று கேட்டிருப்பாள்.

அக்காவின் ஊருக்குப் போகும் பேருந்து வந்தது. நடத்துநர் எங்களைப் பார்த்து விசில் அடித்தார். அக்கா கையை ஆட்டி, போகச் சொன்னார்.

"இன்னொருக்கா மொதல்ல இருந்து சொல்லு" என்றார்.

பத்தரைக்குள் முப்பத்திரண்டு பேரையும் பார்த்தேன். வரிசையில் நின்றபடியே எழுத்துகளை மனப்பாடம் செய்து ஒப்பித்த ஒருவரை, பலகையைத் திருப்பிப் போட்டுப் பிடித்தேன். போர்வெல்காரருக்குப் படிக்கிற கண்ணாடி மட்டும் போதும் என்றதும், "அவ்வளவுதானா? இதுக்கா விடியால எந்திரிச்சுச் சீயக்கா போட்டேன்" என்று வருத்தப்பட்டார். புரை நன்றாக முற்றியவர்கள் பதினைந்து பேர். அதில் மூன்று பேரை அடுத்த வாரம் நேராகப் போகும்படி எழுதிக் கொடுத்தேன். அவர்களிடம் சொல்வது எளிதாக இல்லை, ஆனால் சொன்னேன்.

வேனில் கோழித் தீவன வாடை அடித்தது. "முட்ட ஒடையாம ஓட்டற கையிங்க, பயப்படாம உக்காருங்க" என்றார் ஓட்டுநர். நான் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். யாரும் பாடவில்லை. அண்ணன் ஆட்டோவில் பின்னாலேயே வந்தார், ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டு.

பதினொன்றே முக்காலுக்கு மருத்துவமனை வாசலில் இறங்கினோம். மற்றவர்கள் உள்ளே போனார்கள். அக்கா நின்றுவிட்டார்.

"ஒரு காபி குடிச்சுட்டு வந்தர்றேன் சாமி."

"நானும் வாரேன்க்கா."

எதிர்க்கடையில் இருவரும் காபி குடித்தோம். அவர் ஆற்றி ஆற்றி, நேரம் எடுத்துக்கொண்டு குடித்தார். நான் ஆறு படிகளையும் மறுபடி சொன்னேன். "துணி போத்தறது தொடைச்சதுக்கு அப்புறம்னு சொன்ன, இப்ப முன்னாடிங்கற" என்று திருத்தினார். ஆமாம், அப்புறம்தான். டம்ளரை வைத்துவிட்டு அவர்தான் முதலில் சாலையைக் கடந்தார். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்து, படுக்கை எண் எழுதிய அட்டையை அவர் கையில் கட்டினார்கள்.

திங்கட்கிழமை எனக்குக் கிளினிக்கில் வேலை. பதினொரு மணிக்கு முகாம் பிரிவிலிருந்து பன்னிரண்டு பேருக்கும் முடிந்தது என்று செய்தி வந்தது. செவ்வாய்க் காலை கட்டுப் பிரிக்கிற நேரத்துக்குப் போனேன்.

செவிலியர் பஞ்சை எடுத்தார். அக்கா கண்ணைச் சுருக்கி, திறந்து, முதலில் கூரையில் மின்விசிறியைப் பார்த்தார். பிறகு என்னை.

"நீ இன்னும் கொஞ்சம் வயசான புள்ளையின்னு நெனச்சேன்" என்றார்.

மருத்துவர் பார்த்துவிட்டுப் போனதும் மஞ்சள் பையை எடுத்துத் தரச் சொன்னார். மாற்றுத் துணிக்கு அடியிலிருந்து நாலு நூல் குழல்களை எடுத்துப் படுக்கையில் வைத்தார். பட்டறையிலிருந்து கொண்டுவந்திருக்கிறார்.

"கலைச்சு வெய்யி. சொல்லாத."

கலைத்து வைத்தேன். அவர் ஒவ்வொன்றாக எடுத்து, ஜன்னல் பக்கம் பிடித்து, விரலில் ஒரு இழையை உருவிப் பார்த்தார்.

"கறுப்பு. அரக்கு. இது இலப் பச்ச." நான்காவதை இன்னும் வெளிச்சத்துக்குக் கிட்டே கொண்டுபோனார். "நீலம். இத்தன நீலமாவா இருந்துது இது?"

"சரிங்கக்கா. நாலும் சரி."

"எங்கிட்டச் சொல்லி என்ன ஆவுது? மொதலாளிக்குப் போட்டுச் சொல்லு."

எண்ணை அழுத்தி, ஒலிபெருக்கியில் வைத்து, நான் யார் என்று சொன்னேன். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, நிறம் சரியாகத் தெரிகிறது, ஒரு மாதம் தூசியில் வேலை செய்யக் கூடாது என்றேன். அந்தப் பக்கம் தறிச் சத்தம் கேட்டது.

"ஒரு மாசமா? ஏம்மா, அது வரைக்கும் எவ சுத்துவா?"

நான் ஏதாவது சொல்வதற்குள் அக்கா கைபேசியைப் பிடுங்கினார். "ஏனுங்க, கேக்குதுங்களா? நீலம் தெரியுதுங்க. அந்தப் பதினாலு சேலயக் கொண்டாந்து போடுங்க, எந்த எடத்துல மாறுச்சுன்னு இப்பக் காட்டறேன்."

"அத எதுக்குப் பொணத்தத் தோண்டற மாதிரித் தோண்டற. போச்சு போ." தறிச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தினார். "ஒரு மாசம் எஞ் சம்சாரஞ் சுத்தட்டும். அதுக்கு மேல ஒரு நாளு ஆனாலும் அவ என்னைய ஊட்ட உட்டுத் தொரத்திருவா. தேதிய எழுதி வெச்சுக்கிட்டு வந்து சேரு."

அக்கா கைபேசியைத் தரவில்லை. மடியில் வைத்துக்கொண்டு, குழல்களைத் துணிக்கு அடியில் திரும்ப அடுக்கினார். அடுக்கி முடித்ததும் கேட்டார்.

"இதுல அந்தம்மா போட்டோ இருக்குதா? எத்தன தடவ பக்கத்துல உக்காந்திருக்குது. மொகம் மட்டும் எனக்குத் தெரிஞ்சதேயில்ல."

ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். ஒப்பனை இல்லாமல், கூடத்தில் நாற்காலி அடுக்கும்போது நான் எடுத்தது. அவர் ஒரு கண்ணால், கிட்டே வைத்தும் எட்ட வைத்தும் பார்த்தார்.

"இதுதானா" என்றார். இன்னும் கொஞ்சம் பார்த்தார். "அந்தக் குரலுக்கு இத்தன சின்ன மூக்கா!"

கைபேசியை வாங்கி நானும் பார்த்தேன். சின்ன மூக்குதான். பிறகு சொட்டு மருந்து போட வேண்டிய நேரங்களை அவருடைய சீட்டின் பின்புறம் எழுதத் தொடங்கினேன்.